பிள்ளைகளுக்குப் பேய்ப் படம் போடுவதற்கு முன்னும் பின்னும்

முழுப்பரீட்சை லீவுக்கு அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் ஒரே வீட்டில் கூடிவிட்டால், இரண்டொரு நாளில் "பேய்ப் படம் போடுங்க" என்ற நச்சரிப்பு தொடங்கிவிடும். கூடாது என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். முடித்தால் மூத்தவன் போனை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் போவான், மற்றவர்கள் அவன் தோளில் முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பேய்ப் படம் பார்க்க அதைவிடக் கெட்ட வழி கிடையாது. பெரியவர் ஒருவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பகலில், தெரிந்தெடுத்த ஒரு படத்தைப் போடுவது எவ்வளவோ மேல்.

எந்த வயதுக்கு எது

முதலில் தணிக்கைச் சான்றிதழ். 2024இல் வந்த விதிகளின்படி யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்களுக்கு 2021 முதலே இதே வகைப்பாடு உண்டு. பழைய படங்களில் வெறும் யு/ஏ மட்டும் இருக்கும். அதற்கு அர்த்தம், 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும் என்பதே தவிர, எல்லோரும் பார்க்கலாம் என்பதல்ல. இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு மட்டுமான ஏ சான்றிதழ் படத்தை டிவியில் அப்படியே காட்ட முடியாது, வெட்டி யு/ஏ வாங்கித்தான் ஒளிபரப்ப வேண்டும். "இது டிவியில போட்ட படம்தானே, ஒண்ணும் இருக்காது" என்று நம்பி ஓடிடியில் போட்டால், வெட்டிய காட்சிகள் அத்தனையும் அங்கே இருக்கக்கூடும்.

ஏழு வயதுக்குக் கீழே எதுவும் வேண்டாம். அந்த வயதில் பிள்ளைகள் தோற்றத்தைத்தான் நம்புவார்கள். கெட்டவனா நல்லவனா என்ற கணக்கெல்லாம் பிறகுதான். முகம் உருமாறினால் போதும், அது கதாநாயகனாகவே இருந்தாலும் அலறுவார்கள். "அது பொய்ப் பேய் மக்களே" என்று விளக்குவது அங்கே செல்லாது. எட்டு வயதுக்கு மேல் இது தலைகீழாகும். கோர முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் நடக்கக்கூடியது எதுவோ அதற்குப் பயப்படுவார்கள்: ஆள் கடத்தல், கொலை, அம்மா சாவது.

பேய்க் காமெடிப் படங்களில் பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். 'காஞ்சனா' (2011) பார்த்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆவி புகுந்த கூத்தெல்லாம் வேடிக்கை. ஃபிளாஷ்பேக்கில் வரும் கொலைதான் மனதில் நிற்கும். பெரியவர்கள் சிரிப்புக் காட்சிகளை நினைவில் வைத்து "பிள்ளைகள் படம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் சொந்த ஞாபகத்தையும் நம்ப வேண்டாம். 'யார்?' (1985), 'மை டியர் லிசா' (1987), '13ஆம் நம்பர் வீடு' (1990), 'ஜென்ம நட்சத்திரம்' (1991) எல்லாம் ஒரு தலைமுறையை நடுங்க வைத்தவை. இன்றைய பிள்ளைகள் அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகளைக் கண்டு சிரிப்பதே அதிகம். நேர்மாறாக, நீங்கள் பெரியவரான பின் பார்த்து அசையாத ஒரு படம் பத்து வயதுப் பிள்ளையை உலுக்கிவிடும். எனவே எந்தப் படமானாலும் முந்தின நாள் நீங்கள் தனியாக முழுதும் பார்த்து, திடுக்கிட வைக்கும் இடங்களின் நிமிடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 'எக்ஸார்சிஸ்ட்' (1973), 'ஈவில் டெட்' (1981) போன்றவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அவை பெரியவர்களுக்கு.

வீட்டைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

1999இல் கிறிஸ்டன் ஹாரிசன், ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்கள் 150 பேர் அளவில் விசாரித்தார்கள். சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒரு படத்தால் படம் முடிந்த பிறகும் நீடித்த பயம் வந்ததாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு அது இன்னும் மிச்சமிருந்தது. எந்தப் படம் இப்படித் தங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தினமும் கை படுகிற ஒரு பொருளில் பேயைக் குடிவைக்கும் படம் தங்கும்.

'ஈரம்' (2009) தண்ணீரில் வைத்தது, 'யாவரும் நலம்' (2009) டிவியிலும் லிஃப்டிலும் வைத்தது. ஜப்பானின் 'ரிங்' (1998) கிணற்றையும் டிவியையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. ஆகவே படப் பட்டியலைத் தொடும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், கைப்பிடிச் சுவர் வைத்த திறந்த கிணறு இருக்கிறதா? 'ரிங்' வேண்டாம். பாத்ரூம் வீட்டுக்கு வெளியே, முற்றம் தாண்டிப் போக வேண்டுமா? 'ஈரம்' வேண்டாம். கடைக்குட்டி பொம்மையோடு உறங்குகிறதா? பொம்மைப் பேய் எதுவும் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் கடலில் இறங்கி விளையாடும் பிள்ளைகளுக்குச் சுறா மீன் வேட்டையாடும் படத்தை லீவின் முதல் வாரத்தில் போட்டால், மிச்ச லீவு கரையிலேயே கழியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. பழிவாங்கும் பெண் ஆவி பற்றிய நாட்டார் கதைகளான கள்ளியங்காட்டு நீலி கதையும் முப்பந்தல் இசக்கி கதையும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்களோடு ஒட்டியவை. பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற இடங்கள். படம் பார்த்த அதே ராத்திரியில் பாட்டி நீலி கதையை எடுத்தால், திரையில் பார்த்த முகம் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது பாடு. நல்ல கதைதான், இன்னொரு நாள் பகலில் சொல்லட்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் படமாக மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993) நல்ல தேர்வு. குமரியில் மலையாளத்துக்குத் துபாஷி தேவைப்படாது. 'சந்திரமுகி' (2005) இதே கதையின் வழி வந்ததுதான் என்றாலும் மூலத்தில் சத்தம் குறைவு, கூர்மை அதிகம். பேய் என்று நினைத்தது மனநோய் என்று கதையே அவிழ்த்துக் காட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய வசதி, படத்தின் சில பகுதிகள் எடுக்கப்பட்டது தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில். மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கருந்தரையில் நடக்க விடலாம். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். எனவே படத்தை ஞாயிற்றுக்கிழமை போடாதீர்கள்.

போடும் விதம்

பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்குங்கள். இடையில் கால் மணி நேரம் காப்பி, பலகாரம் என்று நிறுத்தினாலும் ஐந்தரை வாக்கில் முடியும். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே ஓடி விளையாட முக்கால் மணி நேரமாவது கிடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து போட்டால், படத்துக்கும் உறக்கத்துக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

சத்தம்தான் முக்கால் பேய். திடுக்கிட வைக்கும் காட்சியின் சூத்திரம் எளிது: சில விநாடிகள் ஏறக்குறைய அமைதி, பிறகு ஒரே அடியாக வெடிக்கும் ஒலி. உருவம் வருவதற்குள் உடம்பு தூக்கிவாரிப் போட்டுவிடும். ஹோம் தியேட்டர், சப்வூஃபர் எல்லாவற்றையும் கழற்றி, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் போடுங்கள். ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைக்கும். அது இல்லாத டிவியில் வசனம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்து, அதிலிருந்து இரண்டு, மூன்று புள்ளி இறக்குங்கள். தாளில் குறித்த நிமிடம் வரும்போது ரிமோட்டில் விரல் இருக்கட்டும். ஒரு ட்யூப் லைட் எரியட்டும். திறந்த வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைக்காமல், சின்னதுகளை நடுவில் இருத்துங்கள்.

பயம் அளவு மீறுவதை எப்படி அறிவது? அலறுகிற பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பொத்துகிற பிள்ளை, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் சிரிக்கிற பிள்ளை, இடைவேளையில் மூத்திரம் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, இவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

பாதியில் எழுந்து ஓடினால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. பாதியில் நின்ற கதை மண்டைக்குள் அதன் போக்கில் ஓடும். அன்று விளக்கு வைக்கும் முன்பே கூட உட்கார்ந்து முடிவை வாயால் சொல்லிவிடுங்கள். மழை இருட்டிக் கரண்ட் போனாலும் இதுதான் வழி. இன்வெர்ட்டரில் டிவி ஓடாத வீடுகளில் பயங்கரமான இடத்தில் படம் நிற்பது சகஜம். "வந்ததும் மீதியைப் பாக்கலாம்" என்று இருட்டில் காத்திருக்க வைக்காமல் அப்போதே கதையைச் சொல்லி முடியுங்கள்.

ஜன்னலைத் தட்டுவது, பாத்ரூம் விளக்கை வெளியிலிருந்து அணைப்பது, தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டு நிற்பது, இதெல்லாம் அன்று கிடையாது என்று பெரிய பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தால் வந்த பயம் நாலு நாளில் தேயும். அண்ணன்மார் செய்யும் குறும்பால் வந்தது அவ்வளவு சுலபத்தில் போகாது.

பேயைக் கழற்றிக் காட்டுதல்

மறுநாள் காலை, மிகவும் பயமுறுத்திய காட்சியைச் சத்தம் முழுக்க நிறுத்தி மூன்று தடவை போட்டுக் காட்டுங்கள். மூன்றாவது தடவை பிள்ளைகளே அதற்கு வாயால் சத்தம் கொடுக்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது பேய் நடை. 'ரிங்' படத்தில் அந்தப் பெண் உருவம் நெளிந்து நெளிந்து வருவதற்கு, நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படமாக்கி அதைத் திருப்பி ஓட்டினார்கள். இதைப் போனிலேயே செய்யலாம். போனை ஒரு ஸ்டூலில் அசையாமல் வையுங்கள். பிள்ளை போனுக்கு ஓரடி முன்னால் நின்று, தோளை ஒடித்து ஒடித்து, பின்பக்கமாகவே அறையின் கோடிவரை நடக்கட்டும். பத்து, பதினைந்து விநாடி போதும். வீடியோ எடிட் செய்யும் செயலியில் 'ரிவர்ஸ்' கொடுத்தால் அதே பிள்ளை கோடியிலிருந்து நம்மை நோக்கி வரும். சாதாரண வேகத்தில் நடந்தால் வெறும் நடையாகத்தான் தெரியும், மெதுவாக, நின்று நின்று நடக்க வேண்டும். பின்னால் தடுக்கி விழாமலிருக்க ஒருவர் படத்தில் படாமல் நிற்கட்டும். தன் முகமே பேயாக வந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அந்த உருவத்தின் மேல் ஓர் உரிமை வந்துவிடும்.

பிறகு ரத்தம். 100 மில்லி பச்சைத் தண்ணீரில் 2 தேக்கரண்டி சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கிண்டுங்கள். கண்ணாடி போலக் கெட்டிப்பட்டதும் இறக்கி ஆறவிட்டு, சிவப்பு ஃபுட் கலர் கால் தேக்கரண்டி, கோகோ அல்லது காப்பிப் பொடி அரைத் தேக்கரண்டி சேருங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். காப்பிப் பொடி இல்லாவிட்டால் ரோஸ் நிறத்தில் சர்பத் மாதிரி நிற்கும். கேசரி கலர் போட்டால் ஆரஞ்சாகும். வெள்ளைத் துணியிலும் சிமெண்டுத் தரையிலும் கறை பிடிக்கும், எனவே முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். 'சைக்கோ' (1960) கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகையே ஊற்றினார்கள் என்பதையும் சொல்லுங்கள், உற்சாகம் கூடும்.

ராத்திரி

ஓட்டு வீட்டில் ராத்திரிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டின் மேல் மரநாய் ஓடும், தென்னை மட்டை விழும், கூகை கீச்சிடும். உறங்கப் போகும் முன்பே இவற்றைப் பெயர் சொல்லிக் காட்டிவிடுங்கள். நடுராத்திரியில் சொன்னால் சமாதானம் போலத் தோன்றும்.

உறங்கிய முதல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை திடீரென்று அலறி எழுந்து உட்கார்ந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் விழித்தால், அது பெரும்பாலும் உறக்கத்திலேயே வரும் அலறல். உலுக்கி எழுப்ப வேண்டாம், கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கும், காலையில் ஞாபகமும் இருக்காது. விடியற்காலை நெருங்கி அழுதுகொண்டு விழித்து, கண்டதைச் சொன்னால் அது கெட்ட கனவு. அப்போது அணைத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்தக் கனவைப் படமாக வரையச் சொல்லி, முடிவை மாற்றி வரையச் சொல்லுங்கள். பேய்க்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை கொடுத்தாலும் சரி, பிள்ளை சொல்லுகிற முடிவாக இருக்க வேண்டும்.

திருநீறு போடுவது, ஜெபிப்பது, ஓதி ஊதுவது, கயிறு கட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கும். பிள்ளைக்கு அதில் ஆறுதல் கிடைத்தால் தடுக்க வேண்டியதில்லை. "உன்னப் பேய் தொட்டுட்டு, அதான் கட்டுறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இல்லாத பேயை வீட்டுப் பெரியவர்களே உறுதி செய்தது போலாகிவிடும்.

தனியாகப் படுக்க மறுத்தால் இரண்டு ராத்திரி கூடப் படுங்கள், அடுத்த இரண்டு ராத்திரி பக்கத்தில் நாற்காலி, பிறகு வாசல்படி. ஒரு மாதம் தாண்டியும் உறக்கம் சரியாகாமல், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பி, பள்ளிக்கூடம் போக மறுத்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

போர்வைக்குள் போகிற மூத்தவனுக்கு: ஓடிடி செயலியின் அமைப்பில் யு/ஏ 13+ முதல் பூட்டு போடும் வசதி உண்டு, நாலு இலக்க எண் வைத்துவிடுங்கள், பிறந்த வருஷத்தை வைக்காதீர்கள். பதினாறு தாண்டியவன் எப்படியும் பார்ப்பான் என்றால் இயர்போன் இல்லாமல், ஹாலில் இருந்து, பெரிய திரையில் பார்க்கச் சொல்லுங்கள்.