பலெர்மோவில் ஒரு வாரம், ஒரு வாடகை வீடு, ஐந்து பேர் சமையல்: முதல் முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு, அதன் தலைநகரான பலெர்மோவுக்குப் போகலாம் என்று முடிவானதும் நண்பர்கள் எல்லோரும் எட்னா எரிமலை, கடற்கரை, தேவாலயம் என்று பட்டியல் போட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்டில் அடுப்பு எத்தனை?" சிரித்தார்கள். ஊர் திரும்பியபின் அவர்கள் பேசுவதெல்லாம் அந்த அடுப்படியைப் பற்றித்தான். அதனால் இந்தச் செய்முறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. முதலில் சமையலறை, அப்புறம்தான் சுற்றுலா.

1. மாதமும் விசாவும்

ஜூலை, ஆகஸ்டில் வெயில் மண்டையைப் பிளக்கும், வாடகையும் ஏறிவிடும். மே மாதம் நல்லது, ஆனால் கடல் நீர் இன்னும் குளிரும். எங்களுக்குச் செப்டம்பர் பொருந்தியது: கடல் வெதுவெதுப்பு, சந்தையில் கத்திரிக்காய் குவியல்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள்வரை இழுக்காதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ஐந்து பேரும் ஒரே வீட்டு முன்பதிவைக் காட்டுவதானால் அந்தத் தாளில் ஐந்து பெயரும் இருக்கட்டும்.

ரோமிலிருந்து பலெர்மோவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவசரமில்லாதவர்கள் ரயிலில் போகலாம்: இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். விமான நிலையம் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1992இல் மாஃபியா கொன்ற நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செல்லினோ இருவரின் பெயர்தான் அதற்கு. அங்கிருந்து ரயிலோ பேருந்தோ ஊருக்குள் கொண்டுவிடும். காரை மறந்துவிடுங்கள். பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா படமெடுக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

2. வீடு: விளம்பரத்தைப் படிக்கும் விதம்

இங்கேதான் முதல் முறை போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். இத்தாலிய விளம்பரத்தில் "ஆங்கோலோ கொத்தூரா" என்றிருந்தால் அது சமையலறை அல்ல, அறை மூலையில் ஒரு சின்ன அடுப்பு. "குச்சீனா அபிதாபிலே" என்றால் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அடுப்படி. ஐந்து பேருக்கு இரண்டாவதுதான் வேண்டும். பெரிய பாத்திரம் ஒன்று, ஆழமான வாணலி ஒன்று இருக்கிறதா என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேளுங்கள். கத்தியைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. எந்த வாடகை வீட்டிலும் கத்தி வெட்டாது. ஒரு கத்தியை, கைப்பையில் அல்ல, விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடுங்கள்.

விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். எண் இல்லாத வீட்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். முதல் நாள் இரவு மின்சார ஓவனில் ரொட்டி, சுவரில் ஏசி, மேசையில் தண்ணீர் கொதிக்கும் கெட்டில். பட்டென்று வீடே இருட்டு. ஃபியூஸ் பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது. செல்பேசி வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் அது கீழ்த்தளத்து வாசலில் இருந்தது. சாவி வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

3. பொதுப் பணம்

வந்த அன்றே ஆளுக்கு ஒரு தொகையை ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். சந்தைச் செலவு முழுக்க அதிலிருந்துதான். சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். இந்த ஒரு சட்டம் போதும், சண்டை வராது. (வந்தது. ஆனால் அது வேறு விஷயத்துக்கு.)

4. பல்லரோ சந்தை

காலையிலேயே போங்கள். பலெர்மோவின் பழைய தெருச் சந்தைகளில் பல்லரோவும் ஒன்று. வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவும் கூவலுக்கு "அப்பன்னியாத்தா" என்று பெயர். நம் ஊர்க் காய்கறி வண்டிக்காரர் சட்டென்று நினைவுக்கு வருவார்.

விலைப்பலகையில் கிலோவுக்கா, "எத்தோ"வுக்கா என்று கவனியுங்கள். எத்தோ என்றால் 100 கிராம். ஆலிவ், சீஸ் போன்றவற்றை எத்தோ கணக்கில் கேட்பார்கள்: "தூயே எத்தி" என்றால் 200 கிராம். காய்களை நீங்களே அமுக்கிப் பார்த்துப் பொறுக்காதீர்கள், விற்பவர் முறைப்பார். "இன்று சமைக்க" என்று சைகையில் சொன்னால்கூட அவரே நல்லதாக எடுத்துத் தருவார்.

அந்தப் பக்கம் நடக்கும்போது தமிழ் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். நகரை ஒட்டிய மோந்தே பெல்லெக்ரீனோ மலையில், குகைக்குள் சாந்தா ரொசாலியா கோயில் இருக்கிறது. 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று பலெர்மோ மக்கள் நம்பும் புனிதை அவள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கிறித்தவத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் கும்பிட்டு நிற்பதைப் பார்க்கலாம்.

5. பனெல்லே: முதல் நாள் சமையல்

கடலை மாவு பஜ்ஜி போட்ட கைக்கு இது எளிது. பலெர்மோவின் தெருவோரத் தீனி. எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். மாவு கடையில் "ஃபரீனா தி சேச்சி" என்ற பெயரில் கிடைக்கும். அது வெள்ளைக் கொண்டைக்கடலை மாவு. நம் கடலை மாவிலும் வரும், வாசம் மட்டும் கொஞ்சம் மாறும்.

மாவு 250 கிராம், தண்ணீர் 750 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி. தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவையுங்கள். மிதமான தீயில் கை எடுக்காமல் கிண்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், திடீரென்று இறுகும். எங்கள் கிண்டல்காரர் அந்தச் சமயம் பார்த்து பால்கனிக்கு வேடிக்கை பார்க்கப் போனார். முதல் ஈடு குப்பைக்குப் போனது.

களி மாதிரி திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வந்ததும் பார்ஸ்லியைக் கலந்து இறக்குங்கள். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிய தட்டில் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் பரப்ப வேண்டும். ஆறவிட்டால் கரண்டிக்கே அடங்காது. அரை மணி நேரம் கழித்துத் துண்டு போட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். மேலே எலுமிச்சை பிழிந்து அப்படியே சாப்பிடலாம். சட்னி கேட்டவரை நாங்கள் மன்னித்துவிட்டோம்.

6. கபோனாத்தா: இன்று செய்து நாளை சாப்பிட

சிசிலியின் இனிப்புப் புளிப்புக் கத்திரிக்காய். நேற்று வைத்த புளிக்குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு இதன் கணக்கு உடனே புரியும். செய்த அன்று தொடவே கூடாது.

பெரிய குண்டுக் கத்திரிக்காய் 1 கிலோ, சதுரத் துண்டுகளாக நறுக்கி அரை மணி நேரம் உப்பு நீரில். பிறகு வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, தாராள எண்ணெயில் சிவக்கப் பொரித்துத் தனியே வையுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் பிடித்து வதக்கினால் கூழாகிவிடும். இதில் சமாதானமே கிடையாது.

செலரி நான்கு தண்டு நறுக்கிக் கொதிநீரில் சில நிமிடம் வேகட்டும். கேப்பர்ஸ் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு செடியின் விரியாத மொட்டை உப்பில் போட்டு வைப்பது, பாந்தெல்லேரியா தீவுச் சரக்குக்குப் பெயர் அதிகம். ஊறவைத்து உப்பைக் கழுவ மறந்தால் மொத்தமும் கரித்துவிடும். இனி ஒரு பெரிய வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, செலரி, கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 100 கிராம், கேப்பர்ஸ், தக்காளிச் சாறு ஒரு டம்ளர் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் நான்கு மேசைக்கரண்டி. வினிகர் நெடி அடங்கியதும் கத்திரிக்காயைப் போட்டு மெதுவாகப் புரட்டி அடுப்பை அணையுங்கள். சிசிலியின் கிழக்குக் கரை நகரமான கத்தானியா பக்கம் இதில் குடைமிளகாயும் போடுவார்கள்; பலெர்மோக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

மறுநாள் சூடு பண்ணாமல், ரொட்டியோடு.

7. பாஸ்தா

100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுங்கள். வடித்த பாஸ்தாவைச் சாதம்போல் தண்ணீர் ஊற்றி அலசாதீர்கள். அவ்வளவுதான். மத்தி மீன் பாஸ்தா இந்த ஊரின் பெருமை, ஆனால் முதல் வாரத்தில் அதைக் கடையில் சாப்பிடுங்கள்.

8. மிச்ச நேரத்தில் ஊர்

காலையில் சந்தை, மதியம் சமையலும் தூக்கமும், நாலு மணிக்கு மேல் ஊர் என்று வைத்துக்கொண்டோம். மொந்தெல்லோ கடற்கரைக்கு நகரப் பேருந்தே போகிறது. அரபு, நார்மன் பாணிகள் கலந்த பழைய கட்டடங்களை 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் பலாத்தீனா சிற்றாலயத்தின் கூரையை அண்ணாந்து பார்க்காமல் வராதீர்கள்.

கிளம்பும் நாளுக்கு ஒரு எச்சரிக்கை. மிஞ்சிய கபோனாத்தாவைப் பாட்டிலில் அடைத்துக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அதையும் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். நாங்கள் வரிசையை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரே கரண்டியைக் கை மாற்றி, ஐந்து பேரும் அங்கேயே தின்று தீர்த்தோம். காலிப் பாட்டில் மட்டும் தடையில்லாமல் உள்ளே போனது.