பாசிமணி பழசா? கோடு ஓடும் திசையைப் பாருங்கள்

அப்பத்தா பெட்டியைக் கிளறினால் ஏதோ ஒரு டப்பாவில் அறுந்துபோன பாசிமணி ஒரு கைப்பிடியாவது கிடைக்கும், செட்டிநாட்டில் பல வீடுகளில் உள்ளதுதான். உடனே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். நூல் மிச்சமிருந்தால் கோத்த வரிசையைப் போட்டோ எடுத்துவிட்டு வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். எண்ணியும் வையுங்கள், உருண்டு ஓடிவிடும்.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகமா? கன்னத்தில் வையுங்கள், கண்ணாடி சில்லென்றிருக்கும். சுட்ட ஊசியால் குத்திப் பார்ப்பதெல்லாம் வேண்டாம்.

அப்புறம் நகைப் பத்தர் கண்ணில் வைப்பாரே, அந்த லென்ஸ், பத்து மடங்கு காட்டுவது போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நுண்ணிய கோடுகளும் குமிழிகளும் தெரியும். அவை துளை போகும் பக்கமே நீண்டு ஓடினால் இழுத்துச் செய்த மணி: உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, முனை மழுங்கச் சாம்பலோடு சூடாக்கிக் கிளறுவார்கள். புதுச்சேரி பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த தொழில் இது. பெரும்பாலும் 6 மி.மீ.க்கு உட்பட்ட இந்த வகைக் குட்டி மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. செங்கல் நிறத்தில் ஒளி புகாமல் இருந்தால், அந்தச் சிவப்பு செம்பு கொடுத்தது.

கோடு துளையைச் சுற்றி வந்தால் கம்பியில் சுற்றிய மணி. இடுப்பில் ஒட்டுத் தையல் போல ஒரு வரி தெரிந்தால் அச்சில் அழுத்தியது.

சரி, இழுத்த மணி என்றாலே பழசா? அங்கேதான் நான் ஏமாந்தேன். காரைக்குடியில் ஒரு கடையில் ‘கீழடிக் காலத்து மணி’ என்றார்கள், நானும் லென்ஸில் நேர்க்கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் இதே முறையில் மணி இழுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. லென்ஸ் சொல்வது எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும். எப்போது என்பதை மணி கிடைத்த மண்ணடுக்குதான் சொல்லும். அதனால் விற்பவரிடம் ‘எங்கே எடுத்தது?’ என்று கேளுங்கள். மழுப்பினால் அழகுக்கு மட்டும் விலை கொடுங்கள், வயசுக்குக் கொடுக்காதீர்கள். நிஜமாகவே பழங்கால ஊர் புதைந்த மேட்டைத் தோண்டி எடுத்தது என்றால் தொடவே வேண்டாம். சிங்கப்பூர் அத்தை கேட்டாலும் நூறு வருஷம் தாண்டியதை அனுப்ப முடியாது, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

திரும்பக் கோக்கப் பட்டு நூல் நல்லது, கம்பி துளையைத் தேய்த்துவிடும். பிசுபிசுவென்று வேர்த்தாற்போல் இருக்கும் மணியை மட்டும் தனி டப்பாவில், ஈரம் படாமல் வையுங்கள்.