மலைநாட்டு ஓட்டத்தில் பெற்றோலைத் தின்னும் தவறுகள்

பெற்றோல் மிச்சப்படுத்தச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி நமக்கானவை அல்ல. 80க்கு மேல் போகாதே, ஒரே வேகத்தில் ஓட்டு என்பதெல்லாம் அதிவேகப் பாதைக்குச் சரி. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரே வேகத்தில் யாரால் ஓட்ட முடியும்? வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், உண்மைதான். ஆனால் 35இலும் 40இலும் வளைந்து வளைந்து போகும் வண்டிக்குக் காற்று பெரிய எதிரி இல்லை. நம் பெற்றோல் முக்கியமாக இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, வண்டியின் பாரத்தை மேலே தூக்குவது. மற்றது, வளைவுக்கு வளைவு பிரேக்கில் சூடாகக் கரைவது. முதலாவதைத் தவிர்க்க வழியில்லை. இரண்டாவது முழுக்க முழுக்க நம் காலில் இருக்கிறது.

தூக்கும் வேலை எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியா போனால் வண்டி ஏறக்குறைய 1,400 மீற்றர் மேலே ஏறுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ வரும் சின்னக் காரை அவ்வளவு உயரம் தூக்க 15 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேரும், மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 2 லீற்றர். இதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். அந்த உயரம் வண்டியிடம் சேமிப்பாக நிற்கிறது. இறங்கும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோமா, பிரேக்கில் எரித்துவிடுகிறோமா என்பதில்தான் கணக்கே இருக்கிறது.

நியூட்ரலில் இறங்குவது

“இறக்கத்துல நியூட்ரல்ல விடு தம்பி, பெற்றோலே எரியாது.” ஹயர் ஓட்டும் அண்ணன்மார் பலரிடம் இதைக் கேட்டிருப்பீர்கள். 2022இல் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறி, கியூஆர் கோட்டுக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, இந்தப் பழக்கம் புதிதாகப் பலர் காலில் ஒட்டிக்கொண்டது. கார்ப்ரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. கியரில் இறங்கினாலும் இன்ஜின் தன் சுற்றுக்கு ஏற்பப் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இன்ஜெக்ஷன் வண்டி அப்படி இல்லை. கியரில் இருக்கும்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், வண்டியின் கம்ப்யூட்டர் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடும். அப்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஒரு சொட்டுப் பெற்றோலும் எரியாது. சுற்று 1,200, 1,500 என்ற அளவுக்குக் கீழே விழும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெற்றோல் குடித்தாக வேண்டும். சின்ன இன்ஜினுக்கு அது மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை போகும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செய்வதே செலவு வைக்கிறது. கிளச்சை மிதித்தபடி வளைவு முழுக்க உருண்டு போவதும் இதே தவறுதான். கிளச் மிதிபட்ட உடனே அந்த இலவச இறக்கம் முடிந்துவிடும்.

பெற்றோலை விடப் பெரிய காரணம் உயிர். நியூட்ரலில் இறங்கும் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். நானுஓயாவிலிருந்து ரதல்லப் பக்கம் இறங்கும் குறுக்குப் பாதை போன்ற செங்குத்தில் பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து, மிதி பஞ்சாகிப் போக அதிக நேரம் எடுக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி சில மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், சாவியை அதிகம் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டியும் கொள்ளும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய சாரதிகள் சொன்னதுதான் இன்றும் சரி. ஒட்டோமெட்டிக் வண்டி என்றால் இறக்கத்துக்குத்தான் ஓவர்டிரைவை அணைக்கும் பொத்தானும், எஸ், எல், 2 போன்ற நிலைகளும் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து டி-யை விட்டு நகர்த்தாதவர்கள் நிறையப் பேர்.

வளைவுக்கு வளைவு மிதித்துப் பிடிப்பது

நம் பாதைகளில் அதிகம் பெற்றோல் வீணாவது இங்கேதான் என்று உறுதியாகச் சொல்வேன். வளைவு தாண்டியதும் சர்ரென்று மிதித்து 50க்குப் போய், அடுத்த வளைவில் பிரேக் பிடித்து 20க்கு வந்து, மறுபடி மிதிப்பது. முன் சொன்ன காரையே எடுங்கள். 50இலிருந்து 20க்குப் பிரேக்கில் இறக்கும் ஒவ்வொரு முறையும், அந்த வேகத்தைத் திரும்ப எடுக்கக் கிட்டத்தட்ட 11 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். தனியாகப் பார்த்தால் ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. ஆனால் நூறு வளைவுக்கு அது 1 லீற்றர். வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கோ, ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கோ போய் வருபவர்கள் தங்கள் பாதையின் வளைவுகளை எண்ணிப் பார்க்கலாம்.

ஏற்றத்தில் பிரேக் பிடிப்பது இன்னும் மோசம். அங்கே பிரேக் தேவையே இல்லை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுத்தால் மலையே வண்டியை மெதுவாக்கிவிடும். குறைந்த வேகம் உயரமாக மாறிவிடுவதால் அதில் நட்டமும் இல்லை. இதற்கு வேண்டியது ஒன்றுதான்: கண், முன்னால் போகும் வண்டியின் பின் விளக்கில் நிற்காமல் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். தேயிலைச் சரிவில் பாதை மேலும் கீழும் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. எதிரே பஸ் வருவது இரண்டு வளைவுக்கு முன்பே தெரிந்தால், அது கடந்து போக இடம் விட்டு இப்போதே மெல்ல வேகத்தைக் குறைக்கலாம்.

கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒட்டிப் போய் பிரேக், மறுபடி ஒட்டிப் போய் பிரேக். முந்த முடியாத பாதையில் ஒட்டிப் போவதால் ஒரு நிமிடமும் மிஞ்சாது. மூன்று நான்கு வண்டி நீளம் இடைவெளி விட்டு இரண்டாம் கியரிலேயே உருண்டால், லொறி தடுமாறும்போது காலை எடுப்பதே போதும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாந்தியும் குறையும். அதுவும் சின்ன விஷயம் அல்ல.

பெரிய கியரில் இழுக்க வைப்பது

பெரிய கியர் என்றால் சிக்கனம் என்பது சமதரையில் சரி. ஏற்றத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு அடிமட்டம் வரை மிதித்தால் இன்ஜின் இடிக்கும், வண்டி அதிரும். மூச்சு முட்டும் இன்ஜினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் அதிகப் பெற்றோலைக் கொட்டுகிறது. மூன்றாம் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ இறங்கி, பாதி மிதியில், 2,000, 2,500 சுற்றில் ஏறுவதே குறைவாகக் குடிக்கும்.

மேலே போகப் போக இது இன்னும் முக்கியமாகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கித்துல்கலையில் மூன்றாம் கியரில் ஏறிய வண்டி நானுஓயாவில் இரண்டு கேட்டால் வண்டி பழுது என்று எண்ணிக் கராஜுக்கு ஓட வேண்டாம். கேட்டதைக் கொடுங்கள்.

ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது அரைக் கிளச்சில் வண்டியைப் பிடித்து வைப்பதும் பெற்றோல் செலவுதான். கிளச் பிளேட் தீய்ந்த வாசம் வந்தால் செலவு பெற்றோலோடு நிற்கவில்லை என்று அர்த்தம். அதற்குத்தான் ஹேண்ட் பிரேக் இருக்கிறது.

காலைக் குளிரும் சின்னத் தூரமும்

ராகலை, கண்டப்பளைப் பக்கம் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை ஓடவிடுவார்கள். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வழக்கத்தை விட அதிகப் பெற்றோல் விடுகிறது. நின்ற இடத்தில் அது சூடேறவும் நேரம் எடுக்கும். அரை நிமிடம் போதும். பிறகு புறப்பட்டு முதல் சில கிலோமீற்றர் மென்மையாக மிதித்துப் போனால், ஓட்டத்திலேயே சீக்கிரம் சூடாகிவிடும். இதே காரணத்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறை, கடைக்கு ஒரு முறை, பாங்குக்கு ஒரு முறை என்று தனித்தனியாக டவுனுக்கு இறங்குவது லீற்றர் கணக்கை அடித்துப் போடுகிறது. ஒரே சுற்றில் முடிக்கப் பாருங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு

ஆக்வா, பிரியஸ் ஓட்டுபவர்கள் இறக்கத்தில் என்-இல் (N, நியூட்ரல்) விட்டால் இரட்டை நட்டம். என்-இல் பெற்றரி சார்ஜே ஆகாது. சாதாரண இறக்கத்தில் டி-யில் வைத்து, பிரேக்கை நீளமாக, மெதுவாக அழுத்துங்கள். அந்த அழுத்தம்தான் பெற்றரிக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் பெற்றரி நிறைந்துவிட்டால் அதன் பிறகு வாங்க இடமில்லை. பி நிலை (B, நிறுத்தி வைக்கும் P அல்ல) அதற்காகவே இருக்கிறது. அப்போது இன்ஜின் சத்தம் எழும்பினால் பெற்றோல் எரிகிறது என்று பயந்து மாற்றிவிடாதீர்கள். இன்ஜின் வெறுமனே சுற்றி வண்டியைப் பிடித்து வைக்கும் சத்தம் அது. ஆனால் எப்போதும் பி-யிலேயே ஓட்டுவதும் தவறு, பெற்றரிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றுவதில் போய்விடும்.

மற்றவை சில வரியில். 92க்குச் செய்த இன்ஜினுக்கு 95 அடிப்பதால் தூரம் கூடாது. ஏ.சி. மலையில் பெரும்பாலும் வேண்டியதில்லை, ஆனால் மூடுபனியிலும் மழையிலும் கண்ணாடி மங்கினால் யோசிக்காமல் போடுங்கள், அந்தச் சில மில்லிலீற்றரில் கஞ்சத்தனம் வேண்டாம். கொழும்பில் காற்றடித்த டயர் நுவரெலியாவில் குறைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. குளிர் அழுத்தத்தைக் குறைக்கிறது, உயரம் கூட்டிக் காட்டுகிறது, இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகிவிடும். மாதம் ஒரு முறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், போதும்.

லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. ஏறும்போது மீற்றர் 7 காட்டினால் கலங்குவதும், இறங்கும்போது 30 காட்டினால் பெருமைப்படுவதும் வீண். போய், திரும்பி, அதே பெற்றோல் ஷெட்டில் டாங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால்தான் அது கணக்கு. மிதிக்கும் பழக்கத்தை மாற்றிச் சில டாங்க் ஓடிய பிறகும் எண் அசையாவிட்டால் அப்போது கராஜுக்குப் போங்கள். முதல் வேலையாக நான்கு சக்கரத்தையும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் ஓடும் வண்டிகளில் விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக் அடிக்கடி அகப்படும்.