பி.ஏ. ஆங்கில இலக்கியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.ஏ. ஆங்கிலம் எடுக்கப் போகிறது என்றால் வீட்டில் முதலில் வரும் பேச்சு, “நல்லதுதான், இங்கிலீஷ் சரளமாகப் பேச வந்துவிடும்” என்பதுதான். அந்த எதிர்பார்ப்போடு வகுப்பில் போய் உட்காருவதே முதல் தவறு. அங்கே பேச்சுப் பயிற்சி என்று ஒன்றிரண்டு பேப்பர் இருந்தாலே அதிகம். மற்றபடி சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன் என்று போகும். சாசர் இறந்தது 1400-இல். அவர் எழுதிய ஆங்கிலத்தை இன்றைய லண்டன்காரரே குறிப்புரை இல்லாமல் படிக்கத் திணறுவார். பேச வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் பேசித்தான் பழக வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: சாசருக்கு முன்னால் கான்வென்ட் மாணவரும் நீங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, மூலத்தைத் தொடாமலே பட்டம் வாங்குவது. எல்லா யூனிட்டுக்கும் கைடில் சுருக்கம் இருக்கிறது, மனப்பாடம் செய்து எழுதினால் பாஸ். உண்மைதான், பாஸ் ஆகிவிடலாம். ஆனால் என்ன கைநழுவிப் போகிறது என்று பாருங்கள். பல கல்லூரிகளில் பாடமாக இருக்கும் ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதை 1842-இல் வந்தது, மொத்தம் 56 வரி. ஒரு பிரபு, சுவரில் இருக்கும் ஓவியத்தைக் காட்டி, இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசுகிறார். கைடு எடுத்த எடுப்பிலேயே, ‘பிரபு கொடூரன், மனைவியைக் கொல்லச் சொன்னவன், எதிரே இருப்பவர் அடுத்த சம்பந்தம் பேச வந்த தூதர்’ என்று போட்டு உடைத்துவிடும். கவிதையிலோ எதிரே இருப்பவர் யார் என்பதே கடைசிப் பகுதியில்தான் தெரியும். அதற்குச் சற்று முன்னால், தான் கட்டளை இட்டதாகவும் அதோடு அவள் சிரிப்பெல்லாம் நின்றுபோனதாகவும் பிரபு போகிற போக்கில் சொல்வார். கொலை என்ற பேச்சே கிடையாது. அப்படியே நகர்ந்து, வரப்போகும் பெண்ணின் வரதட்சணை விஷயத்துக்கு வந்துவிடுவார். படிப்பவர் அங்கே ஒரு கணம் திடுக்கிட வேண்டும். கைடு படித்தவருக்கு அது வாய்க்காது. வாய்விட்டுப் படித்தால் இன்னொன்றும் பிடிபடும். இரண்டிரண்டு வரியாக இயைபு (வரிக் கடைசியில் ஓசை ஒத்து வருவது) அமைந்திருக்கிறது, ஆனால் வாக்கியம் வரியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் அது காதில் உறைப்பதில்லை. கவிதை மாதிரியே தெரியாது, ஒரு பெரிய மனிதர் சாவகாசமாகப் பேசுவது போலத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் மூலம், அப்புறம் அகராதி, மறுபடி மூலம், கடைசியாகக் கைடு. புத்தகம் வாங்கப் பணமில்லை என்பதும் இப்போது தடையில்லை. காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் புராஜெக்ட் குடன்பர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நாவல்களை மட்டும் செமஸ்டர் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள், படத்துக்காகச் சேர்த்த காட்சியையும் விடைத்தாளில் எழுதி மாட்டிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பேப்பரையும் தனித் தீவாக நினைப்பது அடுத்த தவறு. கவிதை, நாடகம், நாவல், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, விமர்சனம், மொழியியல் என்று பிரித்திருப்பது பாடம் நடத்தும் வசதிக்குத்தான். சாமானிய மக்கள் கிளர்ந்தெழுந்த பிரெஞ்சுப் புரட்சி 1789, வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து ‘லிரிக்கல் பேலட்ஸ்’ கவிதைத் தொகுப்பை வெளியிட்டது 1798. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான், எளிய மனிதர்களின் பேச்சுமொழியைக் கவிதைக்குள் கொண்டுவரும் ஆசை அந்தக் காலத்தில் ஏன் வந்தது என்று விளங்கும். இலக்கிய வரலாற்றை முதல் வருடத்தோடு மூட்டை கட்டி வைத்துவிடாமல், ஒரு பெரிய தாளில் வருடக்கோடு போட்டு, படிக்கப் படிக்க நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

ஒலியியலைக் கண்டால் பலர் ஓடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் மதிப்பெண் எடுக்க எளிதான பகுதி அதுதான். பிரிட்டிஷ் தர உச்சரிப்பில் 44 ஒலிகள், 24 மெய், 20 உயிர், அவ்வளவுதான். சரியாக எழுதிய விடைக்கு யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

இலக்கியக் கோட்பாடுகளில் நேர்மாறான தவறு நடக்கும். பெண்ணியம், மார்க்சியம், பின்காலனியம் என்று பெயர்களைப் படித்த சூட்டோடு எல்லா விடையிலும் தூவிவிடுவார்கள். எந்த வரியில், எந்தக் காட்சியில் அது தெரிகிறது என்று காட்டாவிட்டால் அந்தப் பெயர்கள் வெறும் அலங்காரம்.

இந்திய ஆங்கில எழுத்து ‘நம்ம ஊர் கதைதானே’ என்று தள்ளிவைக்கப்படும் பகுதி. ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’, முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ இரண்டும் 1935-இல் வந்தவை. ஒன்றில் மால்குடி என்ற கற்பனை ஊரின் பள்ளிச் சிறுவனின் குறும்பு, இன்னொன்றில் துப்புரவுத் தொழில் செய்யும் இளைஞனின் ஒரே ஒரு நாள். ஒரே நாட்டின், ஒரே வருடத்தின் இரண்டு புத்தகங்கள். ஒப்பிட்டு எழுத இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது சிரமம்.

ஆங்கிலம் படிக்கிறோம் என்று தமிழ் வாசிப்பை நிறுத்துவதும் நஷ்டம்தான். மொழிபெயர்ப்பு பேப்பருக்கு இரண்டு மொழியும் கைவசம் வேண்டும். ஏ.கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொடுத்தாரே, அந்தப் புத்தகத்தை மூலத்தோடு வைத்துப் படிக்கும் வாய்ப்பு வெளிநாட்டு மாணவருக்கு லேசில் கிடைக்காது. நமக்குக் கிடைக்கிறது.

வேலை விஷயத்தைக் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போடாதீர்கள். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எட். இரண்டு வருடம். கல்லூரியில் நடத்த ஆசை என்றால் எம்.ஏ., அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு: தேசிய அளவில் நெட் அல்லது மாநில அளவில் செட். நெட் இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். நூல்களைக் கால வரிசையில் அடுக்கச் சொல்லும் கேள்விகள் அதில் வழக்கமானவை. எம்.ஏ. தகுதியில் நெட் எழுதப் பொதுப்பிரிவினர் அந்த எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பாஸ் ஆனால் போதும் என்று படித்துவிட்டு 54-இல் நின்றால் விண்ணப்பமே போட முடியாது.