வேர்டு ஃபார்மேஷன்: எனக்கு கடைசியா ஒர்க் ஆனது

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையில ரீடிங் பேப்பரோட மூணாவது பார்ட்தான் வேர்டு ஃபார்மேஷன்: 8 கோடிட்ட இடம், ஓரத்துல குடுத்த வார்த்தைய மாத்தி நிரப்பணும், ப்ராக்டிஸ்ல எனக்கு எப்பவும் அங்கதான் மார்க் போகும். சக்ஸீட், சக்ஸஸ், சக்ஸஸ்ஃபுல்னு குடும்பம் குடும்பமா மனப்பாடம் பண்ணிப் பாத்தேன், உதவல. 'லி'ல முடிஞ்சா வினையடைன்னு ஒரு ரூல் புடிச்சேன், ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி ரெண்டும் பெயரடை, அதுவும் போச்சு.

அப்புறம் ஓரத்து வார்த்தைய கையால மறைச்சுட்டு கோட்டுக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு மட்டும் பாத்தேன், 'தி'க்கும் 'ஆஃப்'க்கும் நடுவுலன்னா பெயர்ச்சொல், இப்படியே வகைய முடிவு பண்ணிட்டுதான் கைய எடுப்பேன். அப்பாடா, சரியாச்சு.

நிறைய பேர் விடுறது ஒண்ணு இருக்கு: வகை தெரிஞ்சதும் நிறுத்தாம முழு வாக்கியத்தையும் படிங்க, 'எவ்வளவு ட்ரை பண்ணியும்'ங்கிற அர்த்தம் வந்தா சக்ஸஸ்ஃபுல் இல்ல, அன்சக்ஸஸ்ஃபுல், முன்னாடி 'மெனி' இருந்தா பன்மை.