டிஎஸ்எல்ஆர் கமராவில் வீடியோ: கல்லடிக் கரைவலை முதல் கூத்துக் களரி வரை

மட்டக்களப்பில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளுக்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் கமரா சும்மா கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது பிறந்தநாள், சாமத்திய வீடு என்று படம் எடுக்க வாங்கியதாக இருக்கும். அதில் வீடியோவும் எடுக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, "போனிலேயே இதைவிட நல்லா வருதே" என்று வைத்துவிடுகிறார்கள். போன் வெளிச்சத்தையும் நிறத்தையும் போகஸையும் தானே பார்த்துக்கொள்ளும். டிஎஸ்எல்ஆரில் இவற்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யப் பழகிவிட்டால், அரைகுறை வெளிச்சத்தில் ஆடும் கூத்தரின் முகத்தைக்கூட அது தெளிவாக எடுத்துத் தரும்.

கமரா பழையது என்று கவலைப்பட வேண்டாம். வீடியோ எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆரான நிக்கோன் டி90 வந்தது 2008-இல். அதே ஆண்டு கெனன் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோவோடு வந்தது. அதற்குப் பிறகு வந்த கமராக்களில் கெனன் 600டி, 700டி, நிக்கோன் டி5300 போன்றவை இன்றைக்கும் தாராளமாகப் போதும். கூடவே வரும் 18-55 லென்ஸ், ஒரு ட்ரைபொட், கிளாஸ் 10 மெமரி கார்ட், இரண்டாவது பட்டரி. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

இரண்டு வேலைகளை வைத்துச் சொல்கிறேன். ஒன்று காலையில் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பது, மற்றது இரவில் கூத்து. வெயில், காற்று, டியூப் லைட், மத்தளம் என்று படம்பிடிக்கிறவருக்கு வரும் சிக்கல்கள் முக்கால்வாசியும் இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

முதலில் மெனு

கமராவை வீடியோவுக்கு மாற்றியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் கண் வைத்துப் பார்க்கும் துளை இருட்டாகிவிடும். கமரா பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இனிப் பார்ப்பதெல்லாம் பின்பக்கத் திரையில்தான்.

மெனுவில் வீடியோ முறையை 'பால்' (PAL) என்று வையுங்கள். 'என்டிஎஸ்சி'யில் (NTSC) இருந்தால் செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 படம், என்ற தெரிவே பல கமராக்களில் தெரியாது. பிறகு 1920க்கு 1080, 25 பிரேம் என்று தெரிவு செய்யுங்கள். வெளிச்ச அளவைக் கையால் வைக்கும் 'மேனுவல்' வசதியையும் திறந்துவிடுங்கள். கெனன் 700டி போன்றவற்றில் மேலேயுள்ள சக்கரத்தை 'எம்'முக்குத் திருப்பினால் போதும், கெனன் 600டி-யிலும் நிக்கோனிலும் மெனுவுக்குள் தனியாக இருக்கும்.

படத்தின் தன்மையை 'நியூட்ரல்' என்று வைத்து, கூர்மையையும் கொன்ட்ராஸ்டையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பிறகு கணினியில் நிறம் திருத்த இடமிருக்கும்.

ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. படம் எடுக்கும்போது ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/500 செக்கன், 1/1000 செக்கன் என்று நினைத்தபடி மாற்றுவோம். வீடியோவில் அப்படிச் செய்யக் கூடாது. செக்கனுக்கு எத்தனை பிரேமோ, அதன் இரட்டிப்பில் ஷட்டர் இருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 25 பிரேமுக்கு 1/50. வெயில் என்று 1/1000-க்குப் போனால் வலை இழுப்பவர்களின் கைகள் வெட்டி வெட்டி அசைவது போலத் தெரியும்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். 1/50 வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழும், வெளிச்சம் சீராக நிற்கும். 1/60 வைத்தால் கணக்குத் தவறி, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சமையலறை டியூப் லைட்டுக்கு நேரே கமராவைப் பிடித்து, ஷட்டரை 1/50, 1/60, 1/80, 1/100 என்று மாற்றுங்கள். 1/50-லும் 1/100-லும் மட்டும் பட்டைகள் நின்றுவிடும். சில மலிவான எல்இடி விளக்குகளும் ஜெனரேட்டர் வெளிச்சமும் இந்தக் கணக்குக்குள் வராது. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நிகழ்ச்சி தொடங்குமுன் பத்து செக்கன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஷட்டரைப் பூட்டியாயிற்று. இனி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மிச்சமிருப்பவை லென்ஸுக்குள் ஒளி வரும் துளையான அப்பேச்சரும், சென்சர் ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவும்தான். இரவில் அப்பேச்சரை நன்றாகத் திறந்து, போதாததை ஐஎஸ்ஓவால் நிரப்புங்கள். 1600 வரை பயமில்லாமல் போகலாம், அதற்கு மேல் புள்ளி தெரியத் தொடங்கும். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்கள் பலவற்றில் லைவ் வியூ (பின்பக்கத் திரையில் பார்க்கும் முறை) திறந்திருக்கும்போது அப்பேச்சரை மாற்றினாலும் எடுபடாது. லைவ் வியூவை மூடி, மாற்றிவிட்டு, மறுபடி திறக்க வேண்டும்.

பகலில் சிக்கல் நேர்மாறானது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பேச்சரை எஃப் 22 வரை மூட வேண்டிவரும். அவ்வளவு மூடினால் படம் கூர்மை குறைந்து மென்மையாகிவிடும், சென்சரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளிகளாகத் தெரியும். இதற்கு மருந்து என்டி ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால் பூட்டும் கறுத்த கண்ணாடி அது. என்டி 16 பூட்டினால் எஃப் 22 கேட்ட இடத்தில் எஃப் 5.6 போதும். உங்கள் லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட குறியோடு ஓர் எண் இருக்கும், அந்த அளவில் வாங்குங்கள். ஃபில்டர் இல்லாதவர்கள் காலை 6 மணியிலிருந்து 7.30 வரை எடுங்கள். நம் பக்கத்தில் வெயில் சீக்கிரம் ஏறிவிடும்.

நிறமும் போகஸும்

வைட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஓட்டோவில் விடாதீர்கள். கமராவைத் திருப்பத் திருப்ப ஒரே ஆளின் முகம் மஞ்சளாகவும் நீலமாகவும் மாறிக்கொண்டிருக்கும். வெயிலில் சூரியப் படம் போட்ட தெரிவு. கோயில் மண்டபத்திலோ கூத்து ஆடும் களரியிலோ, அதே விளக்கின் கீழ் யாராவது கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியை ஒரு படம் எடுத்து, 'கஸ்டம்' முறையில் அந்தப் படத்தைத் தெரிவு செய்தால் நிறம் சரியாக வந்துவிடும்.

போகஸுக்கு லென்ஸின் பக்கவாட்டு விசையை, கையால் போகஸ் செய்யும் 'எம்எஃப்'புக்குத் தள்ளுங்கள். ரெக்கோட் பண்ணுமுன் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி, ஆளின் கண்ணைத் திரையில் பெரிதாக்கி, வளையத்தைத் திருப்பிக் கூர்மையாக்குங்கள். பிறகு ரெக்கோட். கெனன் 70டி-யும் அதற்குப் பின் வந்த சில மாதிரிகளும் வீடியோவில் ஓட்டோபோகஸை நன்றாகவே செய்யும். மற்றவை தேடித் தேடி முன்னும் பின்னும் போகும், அந்த மோட்டார்ச் சத்தமும் பதிவாகிவிடும்.

கடற்கரையில் எங்கே நிற்பது

கல்லடியில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால், வலை இழுப்பவர்கள் எல்லோரும் கறுத்த உருவங்களாகத்தான் வருவார்கள். ஒன்றிரண்டு காட்சிகளுக்கு அது அழகு. முழு வீடியோவும் அப்படி இருந்தால் யார் முகமும் தெரியாது. கரைவலைக்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே கயிற்றை இழுத்துப் பின்வாங்குவார்கள், அதனால் காலை வெயில் நேராக அவர்கள் முகத்தில் விழும். நீங்கள் அலை தொடும் ஓரத்துக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். புடைத்த நரம்பு, கயிறு வழுக்கும் உள்ளங்கை, வியர்வையில் ஒட்டிய மணல் எல்லாம் தெரியும். ஆனால் கயிற்றுக்கும் ஆட்களுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். "மனே, கயிறு வருது, அங்கால நில்லு" என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டால், படம் போனாலும் பரவாயில்லை, உடனே விலகிவிட வேண்டும். இழுபடும் கயிறு கால்களைத் தட்டிவிடும்.

கமராவை ஓயாமல் ஆட்டித் திருப்பாதீர்கள். டிஎஸ்எல்ஆரின் சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவுசெய்கிறது. அதனால் வேகமாகத் திருப்பினால் தென்னை மரங்களும் கம்பங்களும் சாய்ந்து தெரியும். ட்ரைபொட்டில் வைத்து, ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது பத்து செக்கன் அசையாமல் எடுங்கள். தோணி வலையோடு போவது தூரத்திலிருந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பது நடுத்தூரத்தில், கைகளும் கால்களும் கிட்டத்தில். மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும்போது மட்டும் நிறுத்தாமல் எடுங்கள், அது ஒருமுறைதான் நடக்கும்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் இலேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்து, உப்பை எடுத்துவிடுங்கள்.

சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள். கமராவின் சொந்த மைக், காற்றைத்தான் முதலில் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே எடுத்தால் வேறொன்றுமே கேட்காது. 700டி போன்ற கமராக்களில் வெளி மைக் பூட்டும் துளை உண்டு, 1300டி-யில் இல்லை. வாங்குமுன் அதைப் பாருங்கள். வெளி மைக் பூட்டினால் அதற்கு மயிர் உறையும் போடுங்கள்.

கைச்செலவில்லாத வழி, போனையே ரெக்கோடராக்குவது. ஏர்பிளேன் மோடில் போட்டு, பேசுகிறவரின் சட்டைப்பையில் வையுங்கள். கமராவும் போனும் ஓடத் தொடங்கியதும், கமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு கணினியில் அந்தத் தட்டலைப் படத்தோடு பொருத்தினால் சத்தமும் உதடும் ஒன்றாகிவிடும். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

இரவுக் கூத்து

கூத்தை ஒழுங்காகப் பதிவுசெய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன். மத்தளம் அடித்துக் கூத்தைப் பழக்கி நடத்தும் நல்ல அண்ணாவிமார் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் ஆட்டம் ஒரு நிமிடத் துண்டுகளாகத்தான் போன்களுக்குள் கிடக்கிறது, அதைப் பார்த்து யாரும் ஆடிப் பழக முடியாது.

வட்டக்களரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சனம் இருக்கும். கமராவை இருப்பவர்களின் தலைக்கு மேலே வரும் உயரத்தில் ஓரிடத்தில் நிலையாக வையுங்கள். லென்ஸின் அகலமான பக்கமான 18 மில்லிமீற்றரில் களரி முழுவதும் உள்ளே வர வேண்டும். ஒரு பாத்திரத்தின் வரவு தொடங்கினால் அது முடியும்வரை கிட்டப் போகாதீர்கள். கரப்புடுப்பு என்ற கூத்து உடையின் மினுக்கமும் முகமும் கண்ணை இழுக்கும், ஆனால் தாளக்கட்டுக்கு எப்படி மிதிக்கிறார் என்பதுதான் பழகுகிறவருக்கு வேண்டியது. சதங்கை கட்டிய கால் படத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது கமராவோ போனோ இருந்தால் முகத்தை அதில் எடுங்கள்.

போனை அண்ணாவியாருக்கு இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். மத்தளத்துக்கு ஒட்டி வைத்தால் ஒவ்வோர் அடியும் வெடித்துப் பதிவாகும். தூரத்தில் இருக்கும் கமரா மைக்கை மட்டும் நம்பினால் இன்னொரு பிசகு வரும். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில்தான் பயணம் செய்கிறது. 30 மீற்றருக்கு அப்பால் கமரா இருந்தால், கை மத்தளத்தில் விழுந்து இரண்டு பிரேம் கழித்தே சத்தம் வரும். தாளம் பிந்துவது போலத் தோன்றும்.

பல டிஎஸ்எல்ஆர்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும், 600டி போன்ற பழையவை ஏறக்குறைய 12 நிமிடத்திலேயே நின்றுவிடும். அதற்கு விட்டுவிடாமல், ஒரு பாத்திரம் உள்ளே போய் அடுத்தது வருவதற்குள் நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள். நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கைதட்ட மறக்க வேண்டாம். 700டி-யில் முழு எச்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 330 எம்பி பிடிக்கும், 32 ஜிபி கார்ட் ஒன்றரை மணித்தியாலத்துக்கு வரும். விடியவிடியக் கூத்தென்றால் கார்ட்டும் பட்டரியும் அதற்கேற்ப வேண்டும். கமரா சூடேறி எச்சரித்தால் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்.

அண்ணாவியாரிடமும், கோயில் வளவு என்றால் அதை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சடங்குகளில் சில நேரங்களில் கமரா கூடாது என்பார்கள். அப்போது லென்ஸை மூடிவிட்டு இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த அன்றே கார்ட்டிலிருந்து இரண்டு இடங்களுக்குப் பிரதி எடுங்கள், இரண்டும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்குமுன் கார்ட்டை அழிக்காதீர்கள். ஃபோல்டருக்கு ஊர், தேதி, கூத்தின் பெயர், கூத்து வகை வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அண்ணாவியார் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.