பிள்ளை ப்ரீஸ்கூலில், கட்டணம் சைல்ட்மைண்டருக்குமா?

இங்கிலாந்தில் பிள்ளை ப்ரீஸ்கூலில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கும் சைல்ட்மைண்டர் (தன் வீட்டில் பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்பவர்) காசு கேட்டால் கோபம் வரும்தான். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பொதுவாக 3 பேரைத்தான் அவர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். உங்கள் பிள்ளையின் இடத்தை அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் யார் எடுப்பார்கள்? நடுவில் காய்ச்சல் என்று போன் வந்தாலும் பெரும்பாலும் ஓடப்போவது அவர்தான்.

சிலர் முழுக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் பாதி, சிலர் ஒன்றும் வாங்குவதில்லை. எல்லாம் பேசி முடிவு செய்வதுதான், அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ப்ரீஸ்கூல் பெரும்பாலும் வருடத்துக்கு 38 வாரம்தான். விடுமுறையில் முழுநாளும் பார்ப்பாரா, எவ்வளவு? இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

அப்புறம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரசு தரும் இலவச மணிநேரத்தை ப்ரீஸ்கூலுக்கும் சைல்ட்மைண்டருக்கும் பிரித்துக்கொள்ளலாம். சைல்ட்மைண்டர் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.